இலையில் முடிச்சு: உள்ளே இருப்பது யார், ஏன் அந்தச் செடியில் மட்டும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "தெருவோரப் புங்க மரத்தின் இலை முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் ஏழிலைப்பாலையிலும் இப்படித்தான். இது நோயா? மருந்தடிக்க வேண்டுமா? வெப்பமான நாடுகளில்தான் இது அதிகமா?"

சுருக்கமாகச் சொன்னால், இது பூச்சியோ சிலந்திப்பேனோ தூண்டுவதால் செடியே வளர்த்துக்கொடுக்கும் முடிச்சு, மரத்தைக் கொல்லும் நோய் இல்லை. அந்த இரண்டு மரங்களுக்கும் மருந்து வேண்டாம். வெப்பமான நாடுகளில் இது அதிகம்தான், ஆனால் பலரும் நினைப்பதுபோல ஈரம் சொட்டும் அடர்காட்டில் இல்லை. விரிவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. நெற்பயிர் முதல் அத்திப்பழம் வரை இந்தக் கதைக்குள் வந்துவிடும்.

புங்க இலையில் இருப்பது பூச்சியே இல்லை. அது ஈரியோஃபைட் என்ற வகைச் சிலந்திப்பேன், பெயர் அசெரியா பொங்காமியே. 1998-ல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, பிறகு தமிழ்நாட்டுத் தோப்புகளுக்கும் வந்து தென்னங்குரும்பையைச் சொறி பிடிக்க வைத்ததே, அந்தச் சிலந்தியும் இதே பேரினம்தான். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். மற்ற சிலந்திப்பேன்களுக்கு எட்டுக் கால், இதற்கு நான்கே கால். கொப்புளத்தை நகத்தால் பிளந்தால் வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல பூதக்கண்ணாடி வேண்டும். ஏழிலைப்பாலையின் கதை வேறு. அதன் முடிச்சைப் பிளந்தால் உள்ளே தட்டையான, வெளிறிய பூச்சிக்குஞ்சு இருக்கும். அசுவினிக்கு உறவான, தத்தித் தாவும் சைலிட் இனம் அது. வளர்ந்ததும் முடிச்சு வெடித்து வெளியே பறந்துவிடும். இரண்டு மரங்களும் கிளையோடு கிளை உரசி நின்றாலும் புங்கத்துச் சிலந்தி பாலையில் ஏறாது, பாலையின் சைலிட் புங்கத்தைத் தொடாது.

இதுதான் முழு விஷயத்துக்கும் அடிப்படை. முடிச்சு உண்டாக்கும் பூச்சி மிகப் பெரும்பாலும் ஒரே செடியினத்தை, அதிலும் ஒரே உறுப்பை, அந்த உறுப்பின் ஒரே பருவத்தை நம்பி வாழ்கிறது. வெட்டுக்கிளியைப் போலக் கிடைத்ததைத் தின்ன அதனால் முடியாது. இந்த இறுக்கமான பிணைப்பைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்: ஏன் பெரும்பாலான முடிச்சுகள் மரத்தை ஒன்றும் செய்வதில்லை, ஏன் சில திடீரென ஒரு மரத்தையே அழிக்கும் அளவுக்குப் போகின்றன, ஏன் நெல்லில் எதிர்ப்புத்திறன் உள்ள ரகம் சில ஆண்டுகளில் தோற்றுப்போகிறது, எல்லாமே.

முடிச்சு எப்படி உருவாகிறது? முற்றிய இலையில் உருவாகாது. செல்கள் இன்னும் பிரிந்துகொண்டிருக்கும் கொழுந்து, மொட்டு, இளந்தண்டு, சூல் ஆகியவற்றில்தான் முடியும். தாய்ப்பூச்சி சரியான நாளில் அங்கே முட்டையிட வேண்டும். சில குளவிகளில் தாய் முட்டையோடு செலுத்தும் திரவமே வேலையைத் தொடங்கிவிடும். ஈக்களிலும் சைலிட்களிலும் குஞ்சின் உமிழ்நீர்தான் முக்கியம். அந்த உமிழ்நீரில் ஆக்சின், சைட்டோகைனின் போன்ற செடி வளர்ச்சி ஹார்மோன்கள் இருப்பது பல இனங்களில் தெரியவந்திருக்கிறது. சில பூச்சிகள் அவற்றைத் தம் உடலிலேயே தயாரிக்கின்றன. ஆனால் ஹார்மோன் மட்டும் இதற்குப் போதாது. ஹார்மோனால் செல் பெருகி வீங்கும், அவ்வளவுதான். முடிச்சு வெறும் வீக்கம் இல்லை. நடுவில் பூச்சிக்கான அறை, அறையைச் சுற்றி மெல்லிய சுவரும் நிறையச் சர்க்கரையும் புரதமும் கொண்ட உணவுச் செல்கள், அதற்கு வெளியே தடித்த கடினச் செல்கள், வெளித்தோலில் துவர்ப்புப் பொருள் என்று அடுக்கடுக்காக அமைந்த உறுப்பு அது. ஒரே மரத்தின் ஒரே இலையில் இரண்டு இனங்கள் முட்டையிட்டால் இரண்டு வடிவ முடிச்சுகள் வரும். பொருள் செடியுடையது, வடிவத்தைத் தீர்மானிப்பது பூச்சி. 2021-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் விட்ச் ஹேசல் செடியில் வாழும் ஓர் அசுவினியை ஆராய்ந்து, முடிச்சு சிவப்பாக வருவதா பச்சையாக வருவதா என்பதை அசுவினியின் மரபணு ஒன்றே முடிவு செய்கிறது என்று காட்டினார்கள். அது மிதவெப்ப நாட்டுச் செடிதான். இருந்தும், முடிச்சின் இயல்பைப் பூச்சியின் மரபணுவே தீர்மானிக்கிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

பூச்சி இறந்துவிட்டாலோ, ஒட்டுண்ணி தின்றுவிட்டாலோ பெரும்பாலும் முடிச்சின் வளர்ச்சியும் அந்த அளவிலேயே நின்றுவிடும். செடியைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டே இருந்தால்தான் முடிச்சு வளரும்.

யார் யார் இதைச் செய்கிறார்கள் என்று பார்த்தால், மிதவெப்ப நாடுகளுக்கும் வெப்பமண்டலத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் ஓக் மரங்களில் சினிப்பிட் குளவிகள்தான் ராஜ்ஜியம் நடத்துகின்றன. பச்சிளங்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காய் அப்படியொரு குளவி ஓக் மரக் கிளையில் உண்டாக்கிய முடிச்சுதான், துருக்கி, ஈரான் பக்கத்திலிருந்து வருவது. அது காய் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் 'கடுக்காய்ப் பூ' என்று விற்பதும் பூ இல்லை, கடுக்காய் மரத்து இலையில் பூச்சி உண்டாக்கிய முடிச்சு. துவர்ப்புச் சத்து இவற்றில் குவிந்திருப்பதால்தான் மருந்துக்கும் மைக்கும் சாயத்துக்கும் மக்கள் நெடுங்காலமாக இவற்றைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

வெப்பமண்டலத்தில் ஆட்சி செசிடோமையிட் குடும்பத்து ஈக்களிடம் இருக்கிறது. கொசுவைவிடச் சிறிய, நீண்ட கால் கொண்ட ஈக்கள் இவை. உலகில் பெயரிடப்பட்ட இனங்களே 6,000-க்கு மேல், அவற்றில் பெரும்பகுதி முடிச்சு உண்டாக்குபவை. பெயரிடாதவை இதைவிடப் பல மடங்கு இருக்கும் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. எல்லாக் குழுக்களையும் சேர்த்து முடிச்சுப் பூச்சிகளில் அறியப்பட்டவை சுமார் 13,000 இனங்கள் என்று ஒரு கணக்கு உண்டு. உலகில் உண்மையில் இருப்பவை 21,000 முதல் 2,11,000 வரை இருக்கலாம் என்று 2007-ல் பிரேசில் ஆய்வாளர்கள் இருவர் மதிப்பிட்டார்கள். இரண்டு எண்களுக்கும் இடையே பத்து மடங்கு இடைவெளி. வெப்பமண்டலச் செடிகளில் எவ்வளவு குறைவாகத் தேடியிருக்கிறோம் என்பதை அந்த இடைவெளியே சொல்கிறது.

மாமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புரோகான்டரினியா என்ற ஒரே ஈப் பேரினத்தில் மாவிலையோடு பிணைந்த இனங்கள் மட்டும் பத்துக்கு மேல். ஒன்று மருப்போல உண்டாக்கும், இன்னொன்று தட்டையான கொப்புளம். வட இந்தியாவில் இமயமலை அடிவாரத் தராய்ப் பகுதியிலும் உத்தரப் பிரதேசம், பீகார் மாந்தோப்புகளிலும் ஏப்சில்லா சிஸ்டெல்லாட்டா என்ற சைலிட் இருக்கிறது. அதன் பொறுமை வியக்க வைப்பது. பனிக்காலம் முடியும்போது இலையின் நடுநரம்புக்குள் முட்டையைச் செருகிவைக்கிறது. முட்டை மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து, மழைக்காலத்தில் பொரிக்கிறது. குஞ்சு பக்கத்து மொட்டுக்கு நகர்ந்து உறிஞ்சத் தொடங்கினால், பூக்கவேண்டிய மொட்டு கூம்பு வடிவப் பச்சை முடிச்சாக மாறிவிடும். அந்தக் கிளையில் அந்த வருடம் பூ கிடையாது. ஆண்டுக்கு ஒரே தலைமுறை. மாமரம் எந்த வாரம் மொட்டுக் கட்டும் என்பதோடு அதன் வாழ்க்கை முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இலைப்பேன்கள் (திரிப்ஸ்) முடிச்சு உண்டாக்குவது வெப்பமண்டலத்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் உரிய சிறப்பு. மகிழ மரத்தின் இலை மடிந்து தடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது அர்ரெனோத்ரிப்ஸ் ராமகிருஷ்ணே என்ற இலைப்பேனின் வேலை. வெல்வேல மரத்தின் கணுக்களில் பூப்போலக் கொத்தாக வரும் முடிச்சு இன்னொரு இலைப்பேனுடையது. சென்னை லயோலா கல்லூரியில் இருந்து டி. என். அனந்தகிருஷ்ணனும் அவர் மாணவர்களும் இந்த இலைப்பேன்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்ததால்தான் தென்னிந்திய முடிச்சுகள் உலக ஆய்வில் இடம்பெற்றன. அவருக்கு முன்னோடி எம். எஸ். மணி. இந்தியச் செடிகளின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தியவர் அவர். கோவைக் கொடியின் தண்டு வீங்கியிருந்தால், பாகல் கொடி நுனியில் கரணை விழுந்திருந்தால், எள்ளுக்காய் விதையில்லாமல் திருகிப் போயிருந்தால், அங்கெல்லாம் செசிடோமையிட் ஈ. எள்ளுக்காய் ஈ சேர்ந்த ஆஸ்பாண்டைலியா பேரினத்தில் ஒரு விசித்திரம் உண்டு. இந்தப் பேரினத்து ஈக்கள் பல, முட்டையோடு ஒரு பூஞ்சையின் வித்துகளையும் சேர்த்தே வைக்கின்றன. முடிச்சின் உட்சுவரில் அந்தப் பூஞ்சை படர்கிறது, புழு அதை நம்பி வளர்கிறது.

நெல்லுக்கு வருவோம். ஆனைக்கொம்பன் என்று விவசாயிகள் சொல்வது ஆர்சியோலியா ஒரைசே என்ற முடிச்சு ஈயைத்தான். இந்தியா, இலங்கை, வங்கதேசம், தென்கிழக்கு ஆசியா, தென் சீனா வரை இதன் ஆட்சி. ஆப்பிரிக்க நெல்லில் இருப்பது வேறு இனம் என்பது 1982-ல் பிரித்தறியப்பட்டது. தாய் ஈ இலையிலும் இலையுறையிலும் முட்டையிடும். மூன்று நான்கு நாளில் பொரிக்கும் புழு, இலையில் படிந்த ஈரத்தில் வழுக்கிக்கொண்டு உறைகளுக்கு இடையே இறங்கி, தூரின் வளர்நுனியை அடைகிறது. ஈரம் இல்லையென்றால் வழியிலேயே காய்ந்து சாகும். அதனால்தான் மழையும் மேகமூட்டமும் உள்ள பருவத்தில் ஆனைக்கொம்பன் பெருகுகிறது. வளர்நுனியில் புழு தங்கியதும் அந்தத் தூரின் இலையுறை குழாயாக நீள்கிறது. வெளுத்துப் பளபளப்பாக, வெங்காயத் தாள் போல நிற்கும் இதைத்தான் வெள்ளித் தண்டு என்பார்கள். அந்தத் தூரில் கதிர் வராது.

விவசாயி பார்க்கும்போது காலம் கடந்துவிட்டிருக்கும் என்பதுதான் இதில் துயரம். வெள்ளித் தண்டு வெளியே தெரியும் கட்டத்தில் புழு கூட்டுப்புழுவாகியிருக்கும். கூட்டுப்புழு தன் முட்களால் குழாயின் உட்சுவரைப் பற்றி மேலேறி, நுனியருகே துளையிட்டுப் பாதி உடலை வெளியே நீட்டும், இரவில் ஈ பறந்துபோகும். காலையில் துளையில் வெறும் தோல் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது வயலில் நின்று மருந்தடித்தால் மருந்து போய்ச் சேரும் இடத்தில் ஈ இல்லை. பயிர் இழப்பை ஈடுகட்டப் புதுத் தூர்களை விடும். அவையும் கொழுந்து என்பதால் அடுத்த தலைமுறைக்கு அவையே இலக்காகும்.

அதனால் ரகம்தான் முக்கியம். 1970-களில் வாரங்கல்லில் உருவான நெல் வகைகளில் தொடங்கி எதிர்ப்புத்திறன் கொண்ட ரகங்கள் பல வந்தன. தமிழ்நாட்டில் எம்டியு 3 இதற்காகவே பரிந்துரைக்கப்பட்டது. இதுவரை பத்துக்கு மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டு ஜிஎம்1, ஜிஎம்2 என்று வரிசையாகப் பெயர் பெற்றிருக்கின்றன. எதிர்ப்புத்திறன் உள்ள பயிரிலும் புழு வளர்நுனி வரை போய்ச் சேருகிறது. ஆனால் முடிச்சு உருவாவதில்லை, சில நாளில் செத்துவிடும். பெரும்பாலான எதிர்ப்பு மரபணுக்களில் புழு தொட்ட இடத்துச் செல்கள் கருகுகின்றன. ஜிஎம்1 உள்ள நெல்லில் அந்தக் கருகலும் இல்லாமலேயே புழு சாகிறது. ஆக, நெல் இரண்டு வழிகளில் மறுக்கிறது.

ஆனால் பூச்சியும் சும்மா இருப்பதில்லை. ஒரே எதிர்ப்பு மரபணு கொண்ட ரகத்தைப் பரந்த நிலப்பரப்பில் ஆண்டுக்காண்டு பயிரிட்டால், அதை ஏமாற்றத் தெரிந்த ஈக்கள் மட்டும் பிழைத்துப் பெருகும். இந்தியாவில் ஆனைக்கொம்பனுக்கு ஏழு உயிர்வகைகள், அதாவது வெவ்வேறு எதிர்ப்பு மரபணுக்களை வெல்லத் தெரிந்த கிளைவகைகள், பதிவாகியிருக்கின்றன. ஒரு மாவட்டத்தில் தாக்குப்பிடிக்கும் ரகம் இன்னொரு மாவட்டத்தில் தோற்பது இதனால்தான். செடிக்கும் பூச்சிக்கும் பிணைப்பு எவ்வளவு இறுக்கமோ, ஒரு மரபணு மாற்றத்தின் விளைவும் அவ்வளவு பெரிதாக இருக்கும். என் கருத்து, ரகத்தை மட்டும் நம்புவது ஆபத்து, இயற்கை எதிரியையும் காப்பாற்ற வேண்டும். பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்ற மிகச் சிறிய குளவி ஆனைக்கொம்பன் புழுவுக்குள் வளர்கிறது. ஒரே முட்டை பிளந்து பல குளவிகளாகும். இந்தக் குளவி உள்ளே இருக்கும் வெள்ளித் தண்டுகளைப் பறித்து, நட்ட பத்தாம் நாளில் 10 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வயலில் வைக்கச் சொல்லும் பரிந்துரை நடைமுறையில் இருக்கிறது. வயலைப் பார்த்ததும் மருந்தடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். பத்துத் தூரில் ஒன்றுக்குக் குறைவாக வெள்ளித் தண்டு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

பிணைப்பின் மறுமுனையில் அத்தி இருக்கிறது. "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்று சொல்லிச் சொல்லி அதைக் குறையாகவே நினைத்துவிட்டோம். அந்தப் புழு இல்லாமல் அத்தி மரமே இல்லை. நாட்டு அத்திக்குள் இருப்பது செரட்டோசோலன் ஃபூசிசெப்ஸ் என்ற குளவி. அத்திக்காய் என்பது உள்நோக்கித் திரும்பிய பூக்களின் கொத்து. வாயில் போன்ற நுனித் துளை வழியே பெண் குளவி இறக்கை ஒடிய உள்ளே நுழைகிறது. மார்பில் உள்ள பைகளில் கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் தூவுகிறது. சில பூக்களின் சூலில் முட்டையிடுகிறது. முட்டை விழுந்த சூல் விதையாவதில்லை, முடிச்சாகிறது. அத்திக் குளவியும் முடிச்சுப் பூச்சிதான், அதன் முடிச்சு ஒவ்வொன்றும் ஒரு பூ. முட்டை விழாத பூக்கள் விதையாகின்றன. பிறகு இறக்கையில்லாத ஆண்கள் முதலில் வெளிவந்து, இன்னும் முடிச்சுக்குள் இருக்கும் பெண்களோடு கூடி, காயின் சுவரில் சுரங்கம் குடைந்து கொடுத்துவிட்டு இறக்கின்றன. பெண்கள் மகரந்தத்தோடு அந்தச் சுரங்கம் வழியே வெளியேறி, ஓரிரு நாள் ஆயுளுக்குள் இன்னொரு அத்தி மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆலுக்கு வேறு குளவி, அரசுக்கு வேறு. பேயத்தியில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. குளவி முடிச்சு ஆண் மரக் காயில் மட்டும் உருவாகும். பெண் மரத்துப் பூவின் சூலகத் தண்டு நீளமானது, குளவியின் முட்டையிடும் குழல் சூலைத் தொடாது. அங்கே நுழைந்த குளவி மகரந்தம் சேர்த்துவிட்டுச் சந்ததியில்லாமல் சாகிறது, மரத்துக்கு விதை கிடைக்கிறது. இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்திக்கொள்ள வெளியாட்களும் வருகிறார்கள். நாட்டு அத்திக்காயின் மேல் அமர்ந்து, ஊசி போன்ற நீண்ட குழலை வெளியிலிருந்தே சுவருக்குள் செலுத்தி, உள்ளே இருக்கும் குளவிப் புழுக்களின் மேல் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகள் உண்டு. அப்படி ஒன்றின் குழல் நுனியில் துத்தநாகம் செறிந்து கடினமாகியிருப்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2014-ல் கண்டறிந்தார்கள். தலைமுடியைவிட மெல்லிய குழல் அது. பச்சைக்காயைத் துளைக்க அந்த உலோகம் உதவுகிறது.

இனி, பிணைப்பு சொந்த இடத்தை விட்டு நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கல்யாண முருங்கையைச் சொல்லியாக வேண்டும். முள்முருங்கை, முள்முருக்கு என்றும் சொல்வோம். வெற்றிலைக் கொடிக்காலிலும் மிளகுத் தோட்டத்திலும் கொடி படர நடுவது இந்த மரத்தைத்தான். யாழ்ப்பாணத்துக் கல்யாணத்தில் கன்னிக்காலாக ஊன்றுவதும் இதைத்தான். 2003 வாக்கில் தைவானிலும் சிங்கப்பூரிலும் மொரீஷியஸிலும் இந்த இனத்து மரங்களின் கொழுந்து உருண்டு திரண்டு, இலை விரியாமல் கருகத் தொடங்கியது. காரணம் ஒன்றரை மில்லிமீட்டர் நீளக் குளவி. 2004-ல் அதற்குக் குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன் அப்படியொரு பூச்சி இருப்பதே அறிவியலுக்குத் தெரியாது. 2005-ல் ஹவாய்க்குள் நுழைந்தது, கேரளத்திலும் அடுத்தடுத்துப் பதிவாகி வயநாட்டு மிளகுத் தோட்டங்களை வாட்டியது. தாங்குமரம் இலையுதிர்ந்து பட்டுப்போனால் அதில் ஏறிய மிளகுக்கொடியும் விழுகிறது. விவசாயிகள் வேறு மரங்களைத் தாங்கலாக நடத் தொடங்கினார்கள்.

இந்தக் குளவியின் தாயகம் ஆப்பிரிக்கா. அங்கே அது இத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்ததற்குக் காரணம், அதைத் தின்னும் எதிரிகள் அங்கே கூடவே இருந்தன. ஹவாய்த் தீவுகளின் சொந்த மரமான விலிவிலி சாகத் தொடங்கியதும், ஆய்வாளர்கள் தான்சானியாவுக்குப் போய் யூரிடோமா எரித்ரினே என்ற எதிரிக் குளவியைத் தேடிப்பிடித்து, சோதித்து, 2008 நவம்பரில் ஹவாயில் விட்டார்கள். அதன் ஒரே புழு பல முடிச்சு அறைகளுக்குள் குடைந்து புகுந்து அங்குள்ளவற்றைத் தின்கிறது. விலிவிலி மீண்டும் இலைவிட்டது. பூவிலும் விதையிலும் வரும் தாக்குதல் மட்டும் முழுதாகக் குறையவில்லை.

தமிழ்நாட்டுத் தைல மரத் தோட்டங்களிலும் 2000-களில் இதேதான் நடந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த லெப்டோசைப் இன்வேசா குளவி இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் முடிச்சு உண்டாக்கியது. அதில் ஆண் அரிது, ஒற்றைப் பெண் வந்தாலே கூட்டம் பெருகும். ஒரே தாய் மரத்தின் படிகளை ஏக்கர் கணக்கில் நட்டிருந்ததால் பூச்சிக்கு எல்லா மரமும் ஒன்றாகவே இருந்தது. அதைத் தின்னும் குளவிகளில் ஒன்று குவாட்ராஸ்டிகஸ் மெண்டலி. கல்யாண முருங்கையைக் கெடுத்ததும் இதே பேரினம்தான் என்பதைக் கவனியுங்கள். பேரினப் பெயரை மட்டும் பார்த்து நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பிரிக்க முடியாது.

இதே பிணைப்பை மனிதர்கள் ஆயுதமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மெக்சிகோவிலிருந்து பரவி நீலகிரியின் சரிவுகளை மூடிய அஜெரடினா களைக்கு எதிராக, அதன் தண்டில் முடிச்சு உண்டாக்கும் புரோசெசிடோகேர்ஸ் யூட்டிலிஸ் என்ற ஈயை 1963-ல் நியூசிலாந்திலிருந்து தருவித்து நீலகிரியில் விட்டார்கள். ஈ நிலைத்துவிட்டது, களையைத் தவிர வேறெதையும் தொடவில்லை. ஆனால் உள்ளூர் ஒட்டுண்ணிக் குளவிகள் அதைக் கண்டுகொண்டன, எதிர்பார்த்த அளவுக்குக் களை அடங்கவில்லை.

'வெப்பமண்டலத்தில் எங்கே அதிகம்' என்ற கேள்விக்கு வருகிறேன். அடர்ந்த மழைக்காட்டின் தரையில் நடந்தால் முடிச்சுகள் குறைவாகவே தென்படும். பிரேசிலின் மீனாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் செர்ரா டோ சிப்போ மலைப்பகுதியில் ஃபெர்னாண்டஸும் பிரைஸும் 1980-களில் செய்த ஆய்வு இதை மாற்றி யோசிக்க வைத்தது. ஆற்றோர ஈரக்காட்டைவிட, வெயில் காயும், சத்துக் குறைந்த மண்ணில் நிற்கும் செர்ராடோ புதர்க்காட்டில்தான் முடிச்சு இனங்கள் அதிகம் இருந்தன. அங்கே ஒரே மர இனத்தில், கோப்பைஃபேரா லாங்ஸ்டார்ஃபீயில், 20-க்கு மேற்பட்ட முடிச்சு இனங்கள் பதிவாகியிருக்கின்றன. காரணம் என்ன? வறண்ட நிலத்துச் செடியின் இலை தடித்தது, துவர்ப்பு மிக்கது, நீண்ட நாள் உதிராதது. வெளியே மேயும் பூச்சிக்கு அது தண்டனை. முடிச்சுக்குள் இருக்கும் பூச்சிக்கோ துவர்ப்பு வெளிச்சுவரில் காவலாகிறது, உள்ளே மெல்லிய உணவுச் செல், வெளியே எவ்வளவு காய்ந்தாலும் உள்ளே ஈரம். மேலும் ஈரமான இடத்தில் முடிச்சுக்குள் பூஞ்சை புகுந்து புழுவைக் கொல்வதும், ஒட்டுண்ணித் தாக்குதலும் அதிகம் என்பதையும் அவர்கள் 1992-ல் காட்டினார்கள்.

இதற்கு மறுப்பும் வந்தது. ஆஸ்திரேலியாவில் பிளாஞ்சும் வெஸ்டோபியும் 1995-ல், மண்ணின் வளக்குறைவு நேரடிக் காரணம் இல்லை, அந்த மண்ணில் எந்தச் செடிக் குடும்பம் வளர்கிறது என்பதே காரணம் என்று வாதிட்டார்கள். யூகலிப்டஸ் நிறைந்த இடத்தில் முடிச்சும் நிறையும். எனக்கு இரண்டும் முரணாகத் தெரியவில்லை. வறண்ட மண் எந்தச் செடி வாழலாம் என்று தேர்ந்தெடுக்கிறது, அந்தச் செடி எந்தப் பூச்சி வாழலாம் என்று தேர்ந்தெடுக்கிறது. மழைக்காட்டிலும் இதே விதி செங்குத்தாக வேலை செய்கிறது. பனாமாவின் சான் லொரென்சோ காட்டில் பாரந்தூக்கியில் ஏறி உச்சி விதானத்தைப் பார்த்தவர்கள், கீழ் அடுக்குகளைவிட அங்கேதான் முடிச்சு அதிகம் என்று கண்டார்கள். உச்சி இலை வெயிலில் காய்ந்து தடித்த இலை, நிலைமை புதர்க்காட்டைப் போன்றதே. தரையில் நின்று பார்த்துவிட்டு மழைக்காட்டில் முடிச்சு இல்லை என்று சொல்வது அரைகுறைத் தகவல். நம் பக்கத்தில் தேட வேண்டுமானால் கடற்கரையோர முட்புதர்க்காட்டில் தேடுங்கள். வன்னி, வெல்வேல், காசா மரங்களின் கொழுந்தையும் கணுவையும் பாருங்கள்.

உள்ளே யார் என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். முற்றிய முடிச்சுள்ள கிளை நுனியை வெட்டி, கண்ணாடிப் புட்டியில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். அடியில் சிறிது ஈரப் பஞ்சு போதும், அதிகமானால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் ஏதாவது வெளிவரும். ஆனால் முதலில் வருவதே முடிச்சை உண்டாக்கியது என்று முடிவு செய்யாதீர்கள். பச்சையும் நீலமுமாக உலோகம்போல் மின்னும் குளவி வந்தால் அது பெரும்பாலும் உண்டாக்கியவரைத் தின்று வந்த ஒட்டுண்ணி. சில முடிச்சுகளில் உண்டாக்கியவரைவிட அதுதான் அதிகமாக வெளிவரும். செடி, உறுப்பு, மாதம் மூன்றையும் குறித்துவைத்தால் அந்தக் குறிப்புக்கு அறிவியல் மதிப்பு உண்டு.

மருந்து விஷயம். புங்கத்தையும் ஏழிலைப்பாலையையும் அப்படியே விடுங்கள். இலை பார்க்க அழகில்லை, அவ்வளவுதான். மரம் தழைக்கிறது, காய்க்கிறது. முடிச்சின் சுவரைத் தாண்டித் தெளிக்கும் மருந்து பெரும்பாலும் உள்ளே போகாது, வெளியே சுற்றும் ஒட்டுண்ணிக் குளவிகளைத்தான் கொல்லும், அடுத்த கொழுந்தில் முடிச்சு இன்னும் அதிகமாகலாம். நாற்றங்காலில் சின்னச் செடியாக இருந்தால் முடிச்சு விழுந்த கொழுந்தை முற்றுமுன் கிள்ளி எரித்துவிடலாம். கல்யாண முருங்கை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நடுவதற்குப் போத்து வெட்டும்போது முடிச்சுள்ள கிளையை ஒதுக்குங்கள், அதை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள்.